சமதண்ணன் திருப்பித் தந்த போசி

"இதுல வேண்டாந் தம்பி. டப்பாவுல போட்டுத் தர்றேன்."

அப்துல் சமது சொன்னதைக் கேட்டதும் நியாஸுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நியாஸ் நீட்டியது பளபளவென்று இருந்த ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. சமது முதலில் கையில் வாங்கத்தான் செய்தார். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தவர், சட்டென்று மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மீனாட்சிபுரத்தில் சமதின் பிரியாணிக் கடையில் மதியம் எப்போதும் கூட்டம். நியாஸுக்கு முன்னால் நின்றவர் நெளிந்துபோன அலுமினியச் சட்டியோடு வந்திருந்தார். அதில் போட்டுக் கொடுத்தார் சமது. பின்னால் நின்ற பெண்ணிடம் மூடிகூட இல்லாத குண்டா. அதிலும் போட்டார். மேலே ஒரு முட்டையும் வைத்தார். பாத்திரம் கொண்டுவந்தால் முட்டை இலவசம். அவரே செய்த ஏற்பாடு.

"எல்லாருக்கும் போடறீங்க. எனக்கு மட்டும் ஏண்ணே மாட்டேங்கறீங்க?"

"கடை ஓயட்டும். சாயங்காலமா வா தம்பி, தனியாப் பேசிக்கலாம்."

"தனியா என்னண்ணே பேச்சு? எதுவானாலும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

சமது நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணுமில்ல, விடு" என்று அடுத்தவரின் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

நியாஸ் சாதாரண ஆள் இல்லை. பிளாஸ்டிக்கை ஒழிக்க வியாபாரிகள் சங்கம் தொடங்கிய 'பாத்திரத்தோடு வாங்க' இயக்கத்துக்குக் கன்வீனர். மற்ற எல்லாரும் வேண்டாம் என்றதால் கிடைத்த பதவிதான். ஆனாலும் பதவி பதவிதானே? கடை கடையாகப் போய், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் வாங்குங்கள் என்று தொண்டை கட்டப் பேசியிருக்கிறான். அவன் கடையில் விற்பதெல்லாம் செல்போன் கவர். அதுவும் பிளாஸ்டிக்தானே என்று யாராவது கேட்டால், "அது வேற" என்று முடித்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனுடைய போசியையா திருப்பித் தருவது!

தன் கடைக்குத் திரும்பி, மனைவி ரஜீனாவுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினான். "பொறாமை! எனக்குப் பதவி வந்திருச்சுன்னு பொறாமை!"

"அது கெடக்குதுங்க. பிரியாணி எங்கீங்க?" என்றாள் அவள்.

மறுநாளும் அதே போசியோடு போனான். அதே பதில். இந்த முறை கூட்டம் நன்றாகச் சேரும்வரை காத்திருந்துதான் வாயைத் திறந்தான்.

"நல்லாப் பாத்துக்கோங்க! ஊரே குப்பையில மூழ்குது, இவரு டப்பாவுல தர்றேங்கறாரு!"

சமது அடுத்தவருக்குப் போட்டார். கரண்டி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

அன்றைக்கே சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'பாத்திரத்தை அவமதித்த கடை' என்று எழுதி, கோப முகங்களை வரிசையாகப் போட்டான் நியாஸ். சிலர் கட்டைவிரல் தூக்கினார்கள். சிலர் கடையையே மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். முன்வரிசையில் வார்டு மெம்பர் சின்னத்தாய். கடைசி வரிசையில் சமது. மைக் நியாஸின் கையில்.

"பாத்திரம் வாங்கற கடைக்கெல்லாம் நாம பச்சை போர்டு குடுத்திருக்கோமுங்க. சமதண்ணன் கடை போர்டை இன்னிக்கே கழட்டோணும். தீர்மானம் போடுங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. நியாஸுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. மேசைக்கு அடியிலிருந்து போசியை எடுத்தான்.

"அப்படி இதுல என்னங்க குறை? ஓட்டையா? அழுக்கா? நீங்களே பாத்துச் சொல்லுங்க!"

தலைக்கு மேல் உயரத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காட்டினான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெம்பர் சின்னத்தாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அ. சமது... கௌலத்... ஏனுங்க நியாஸு, அடியில சமதண்ணன் பேரும் அவரு சம்சாரம் பேருமில்லீங்க வெட்டியிருக்குது?"

நியாஸ் போசியைக் கவிழ்த்துப் பார்த்தான். தெளிவாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

போன வருஷம் சமதின் மகள் முஹ்சினாவுக்குக் கல்யாணம். நியாஸ் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று, மாப்பிள்ளை வீட்டாரைக்கூட விட்டுவிட்டுச் சமதே பிரியாணி கொண்டுவந்து கொடுத்த போசி அது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி ரஜீனா கழுவி வைத்ததைப் பீரோவுக்கு மேல் தள்ளிவிட்டு மறந்தது அவன்தான். பிறகு கௌலத் அக்கா போன் பண்ணிக் கேட்டபோது, தேடிக்கூடப் பார்க்காமல் "எங்கூட்டுல இல்லீங்க்கா" என்று சொன்னதும் இப்போது மைக்குக்கு முன்னால் திறந்தபடி நிற்கும் இதே வாய்தான். பளபளப்பாக இருக்கிறதே என்று இறக்கி எடுத்தவன், ஒரே ஒரு நாள் தன் கையால் தேய்த்துக் கழுவியிருந்தால் அடியைப் பார்த்திருப்பான். கன்வீனர் பாத்திரம் கழுவலாமா?

கடைசி வரிசையில் சமது எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தான் நியாஸ்.

"எங்கூட்டுப் போசிதானுங்க. இயக்கம் ஆரம்பிக்கறப்ப தம்பிக்கு நாந்தான் அன்பளிப்பாக் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது. இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள். நியாஸுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மெம்பர் விடவில்லை. "நீங்க குடுத்த போசின்னா, அதுல பிரியாணி போட மட்டும் ஏனுங்க மாட்டேன்னீங்க?"

சமது தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கூட்டத்துல கையில எடுத்தா, அடியில இருக்கற பேரு நாலு பேரு கண்ணுல படுமுங்களே. குடுத்ததைச் சொல்லிக்காட்டுன மாதிரி ஆயிருமுங்க."