மயிலின் மிச்சம்

நூல் போன்ற ரம்பத்தால் பலகையில் சித்திரம் அறுப்பவர்களின் சங்கம், 1955-ல் ஓசூரில் கண்காட்சி நடத்தியது. பலகையில் துளை துளையாக அறுத்திருந்த மயிலுக்காகச் செயலாளர் திம்மப்பனுக்கு முதல் பரிசு.

"அது நான் அறுத்ததுங்க," என்றாள் கெலமங்கலத்து முனிலட்சுமி. "என்னைச் சங்கத்துல சேர்க்கறதுக்கு மாதிரி வேலை ஒண்ணு வேணும்னு இவருதான் வாங்கிட்டுப் போனாரு."

"பொம்பளைங்களை நாங்க சேர்க்கறதே இல்லையே!" என்று சிரித்தார் திம்மப்பன். "உன் பேரு அதுல எங்கயாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன பேச்சு? பையில என்ன?"

"அடுப்புல போடாம வெச்ச மரச்சில்லுங்க."

கூட்டமே சிரித்தது. அவள் மயிலை எடுத்து மேசையில் கிடத்தினாள்.

"தொடாதே!"

"தொட்டாத்தான் தெரியும்."

பையைக் கவிழ்த்தாள். ஒரு சில்லை எடுத்து மயிலின் கண்ணில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அடுத்தது கழுத்தில் உட்கார்ந்தது. பிறகு தோகையில் ஒவ்வொன்றாக. சிரித்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றிக் குனிந்தார்கள். திம்மப்பன் மட்டும் பின்னால் நகர்ந்தார்.

கடைசிச் சில்லும் உட்கார்ந்தபோது துளை ஒன்றுகூட இல்லை. மயிலும் இல்லை. வெறும் பலகை கிடந்தது.

"இப்ப குடுங்க அவருக்குப் பரிசை," என்றாள் முனிலட்சுமி.