பாசி மருந்து

1954. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சேஷகிரி வீட்டு ஓட்டுக் கூரையில் பாசியைச் சுரண்டிவிட்டு, மறுபடி பிடிக்காமலிருக்க மயில்துத்தம் கரைத்த தண்ணீரைப் பூசிக்கொண்டிருந்த பச்சைமுத்து, திடீரென்று கீழே குதித்தான். கூடத்துக்குள் ஓடினான். காபியை வாயருகே கொண்டுபோன சேஷகிரியின் கையில் ஓங்கி அடித்தான். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"என் மேலேயே கை வைக்கறியாடா!" சேஷகிரி பெல்ட்டை உருவி விளாசினார். பச்சைமுத்துவின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது.

"சொல்லுடா, ஏன் அடிச்சே?"

"காபியில பல்லி கெடந்துச்சு சாமி."

"அதை வாயால சொல்லப்படாதோ?" இன்னும் நாலு அடி கொடுத்துவிட்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பினார்.

அவர் மனைவி பாகீரதி அவனிடம் துணியை நீட்டினாள். அவள் கன்னத்திலும் முந்தின நாள் வாங்கிய பெல்ட் அடி தடித்திருந்தது.

"காபியில பல்லி எதுவும் இல்லையே, பச்சைமுத்து?"

"இல்லம்மா. உடைஞ்ச ஓட்டை எடுத்தப்போ சமையக்கட்டு தெரிஞ்சுது. கீழ வச்சிருந்த என் துத்தத் தண்ணிய, விஷம்னு தெரிஞ்சே நீங்க காபியில ஊத்தினதப் பார்த்துட்டேன். அவரு செத்தா உங்களத் தூக்குல போட்டுடுவாங்கம்மா. இன்னிக்கே உங்க அண்ணன் ஊருக்குக் கிளம்புங்க. ரயிலடி வரைக்கும் நான் வரேன்."

பாகீரதி அழுதபடியே பெட்டியை எடுத்தாள்.