துவைகல்லின் மறுபக்கம்

ராத்திரி வந்த வெள்ளம் ஜக்கம்மாளின் துவைகல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறது. இருபது வருசம் அவள் துணி அடித்து வழவழப்பாக்கிய பக்கம் மணலுக்குள் போய்விட, மறுபக்கத்தில் செதுக்கியிருந்த ஒருத்தன் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறான். கொண்டை போட்டவன், பாயும் புலியின் வாயில் ஈட்டியைச் செருகி நிற்கிறவன், காலடியில் வால் நிமிர்த்திய நாய். ஏலச்செடி இந்த மலையில் ஏறுவதற்கு முன்பு, புலி ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் குடித்த காலத்துக் கல். ஆறு இறங்கிவரும் குரங்கணி மலைப் பக்கம் வானம் மறுபடியும் கருத்துக் கிடக்கிறது. செம்மண் தண்ணீர் அவன் மார்பைத் தொட்டுச் சுழிக்கிறது. "மதினி, மேல இரைச்சல் கேக்குது, வெரசா ஏறு!" கரையில் நின்று மருதாயி கத்துகிறாள். "இவன ஆத்துக்குக் குடுக்கவா? கயித்தக் கொண்டா!" முழங்கால் தண்ணீரில் நின்று ஜக்கம்மாள் கல்லைச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். மறுமுனை, ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற வழியில் கரையில் நின்ற வீரணனின் ஜீப்பில். ஏறியிருந்த தோட்டத்து ஆட்கள் குதித்திறங்கிக் கயிற்றைப் பிடிக்கிறார்கள். "இழுங்கண்ணே!" சக்கரம் மணலை வாரி இறைக்கிறது. கல் முனகி, அசைந்து, கரையேறுகிறது. அது கிடந்த பள்ளத்தை நுரையோடு வந்த வெள்ளம் அப்படியே மூடுகிறது. ஆட்கள் விசிலடித்துக் கூவுகிறார்கள். மூச்சிரைக்க, சிரித்தபடி ஜக்கம்மாள் கல்லருகே குந்துகிறாள். "இருபது வருசமா முதுகுல அடிச்சிருக்கேன், ஒரு வார்த்த முனங்குனியா அப்பு?" கரையில் வைத்திருந்த சவுக்காரத்தை எடுத்து, உள்ளங்கையில் நுரை கட்டி, முதன்முதலாக அவன் முகத்தைக் கழுவுகிறாள்.