கடைசிப் படம்

கோவளம் சிறுவர் நூலகத்தில் தான் எழுதிய படப்புத்தகத்தைப் புரட்டிய மானசாவுக்கு முகம் சுண்டிப்போனது. கடைசிப் பக்கத்தைக் காணோம்.

"எந்த வாலு கிழிச்சது? அந்த ஒரு படத்துக்காகத்தான் கதையையே எழுதினேன்!"

பெருக்கிக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்தாள். "பசங்கள வையாதீங்கக்கா. நான்தான் கிழிச்சேன்."

"நீயா? ஏன்?"

"அதுல புயல்ல போன அப்பா படகோட திரும்பி வந்துர்றாரு. புயல்ல போன எம் புருசனும் வருவாருன்னு எம் பொண்ணு தெனம் கரையிலயே குந்திகினு கீது."

"குழந்தைங்க சந்தோஷப்படட்டும்னுதான்..."

"கிழிச்சும் மறக்கலக்கா. நான் சொன்னா நம்பவும் மாட்டேங்குது. எழுதின நீங்களே சொல்லிடுங்க, அப்பா வரமாட்டாருன்னு. அதோ, வந்துகினு கீது."