தாத்தா தந்த சால்வை

கிறிஸ்துமஸ் சாயங்காலம் ஞானசிகாமணி வீட்டில் கேக்குக்கு முன்னால் தாத்தாவைத்தான் பரிமாறுவார்கள். செத்து ஐம்பது வருடமான தாத்தா மெஷின் காட்டும் ஒளியுருவாகக் கூடத்தில் நடந்துவந்து, வாசலில் நனைந்து நிற்கும் ஏழைக்குத் தன் சால்வையைப் போர்த்துவார். ஏழையும் ஒளிதான், சாப்பாடு கேட்க மாட்டார். குடும்பத்தின் விசுவாசமும் தயாளமும் அதோடு அடுத்த கிறிஸ்துமஸ்வரை ஓய்வெடுக்கும்.

இந்த வருடம் தாத்தா சால்வையைக் கழற்றும் நேரம் பார்த்து, ஒளி ஏழை நிற்கிற அதே இடத்தில் பின்தெரு முத்தையா வந்து நின்றார். அவர் வீட்டுக்குள் மழை புகுந்து, பச்சைப்பிள்ளையான பேத்தி ஈரத்தில் கிடந்தாள்.

“ஐயா, பிள்ளையப் பொதிய ஒரு பழைய போர்வ தாங்கய்யா.”

“வசனமெல்லாம் புதுசா இருக்கே!” என்று சிலிர்த்தாள் ஞானசிகாமணியின் மனைவி கிரேஸ்லின்.

“தரையில தண்ணிகூட சொட்டுது அத்தான்,” என்றான் அவள் தம்பி.

“பின்ன? ஒசத்தியான மெஷின்லா, மாப்ள!”

தாத்தா சால்வையை முத்தையாவின் தோளில் போர்த்தினார். முத்தையா ஆசையோடு இழுத்துப் பிடித்தார். கையில் ஒன்றும் அகப்படவில்லை. கூடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னது.

“ஐயா, பிள்ள வெறைக்குதுய்யா.”

கேக் வெட்ட நேரமாகிவிட்டது. ஞானசிகாமணி ரிமோட்டை அமுக்கினார். தாத்தா மறைந்தார். சால்வையும் மறைந்தது. முத்தையா மட்டும் கையேந்தியபடி நின்றார். ஞானசிகாமணி மறுபடியும் அழுத்தி அமுக்கிப் பார்த்தார்.

“என்னத்த மெஷின வித்தான்? ஏழ மட்டும் அணைய மாட்டேங்கான். கதவச் சாத்து மாப்ள, நாளைக்கு ஆள வரச்சொல்லிச் சரிபண்ணுவோம்.”