கரன்ட் போன நேரம்

பாதியில் கரன்ட் போனதால் கம்ப்யூட்டரின் பயாஸ் அப்டேட் நின்றுவிட்டது என்று விஜிதரன் சொன்னான்.

தலவாக்கலையிலிருந்து ஹட்டனில் மாடியிலிருக்கும் என் ரிப்பேர் கடை வரை மனைவியின் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தான். சட்டையின் முன்பக்கம் முழுதும் கசங்கிப் போயிருந்தது. மனைவிக்காக இவ்வளவு பாடுபடுகிறானே என்று எனக்கு அவனைப் பிடித்துப் போனது.

மனைவி நிலக்ஷி பக்கத்தில் நின்றாள்.

பெட்டியைத் திறந்தேன். வயர்கள் ஒவ்வொன்றும் அளந்து கட்டியது போல இருந்தன.

"புதுசு போல. யாரு பூட்டினது?"

"நான்தாங்க," என்றாள் நிலக்ஷி.

உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது. கம்ப்யூட்டர் கண் திறப்பதற்கு வேண்டிய பயாஸ் மென்பொருளே அரைகுறையாக நின்றிருந்தது.

நல்லவேளை, அந்த மதர்போர்டின் பின்பக்கம் பயாஸைத் திரும்ப எழுதுகிற ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. சரியான ஃபைலைப் பென்ட்ரைவில் போட்டுச் செருகி, பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

ஆறேழு நிமிடம் ஆகும் என்றேன். மீன் வைத்த மாலு பாண் வாங்கி வருவதாக விஜிதரன் கீழே இறங்கினான்.

"இவ்வளவு பூட்டத் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பொத்தானத் தெரியாதா தங்கச்சி? வீட்டுலயே செஞ்சிருக்கலாமே."

"தெரியும்ண்ணே."

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு கரன்ட் போனப்ப பக்கத்து வீட்டுல டீவி ஓடிக்கிட்டுதான் இருந்திச்சு. வெளிய வந்து பாத்தேன். மெயின் சுவிட்சுகிட்ட இவரு நிக்கிறாரு."

விளக்கிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன்.

"திங்கக்கெழமை எனக்கு கொழும்புக் கம்பனி ஒன்னுல வேல தொடங்குது. வீட்டுல இருந்தே செய்யிற வேல. இவரு சம்பளத்த விடக் கூட." படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பகல்ல இவரு ஃபெக்டரிக்குப் போயிருவாரு. இங்கன ஒரு மூலையில வச்சி செஞ்சுக்கவாண்ணே?"

மினுக்கல் நின்றது. திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. ஒரு பிழையும் இல்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிலக்ஷி கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

விஜிதரன் கடதாசிப் பையை மேசையில் வைத்தான்.

"சரியாச்சுங்களா?"

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள். "சரிவராதாம். இங்கயே கெடக்கட்டும்."

விஜிதரன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

அவன் முகம் தெளிந்தது. பைக்குள் கைவிட்டு, பெரிய மாலு பாணாகப் பார்த்து எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"போனாப் போகுது புள்ள, கவலப்படாத. நான் இருக்கேன்ல," என்றான்.

உண்மையான பாசத்தோடுதான் சொன்னான்.