நீளம் பத்தாத போர்வை

"பிரி."

நாத்தனார் சுபலட்சுமி போர்வையின் ஓரத்தைத் தூக்கிச் சத்தியப்பிரியாவின் மடியில் போட்டாள்.

"எதுக்கு மதினி? நல்லாத்தானே இருக்கு."

"எங்குட்டு நல்லாருக்கு? இந்தச் சடையைப் பாரு. ஒரு முறுக்கு இங்குட்டுப் போகுது, ஒரு முறுக்கு அங்குட்டுப் போகுது, குடிகாரன் நடந்த மாதிரி. பிரிச்சுட்டு மறுபடி போடு."

சத்தியா நூலை இழுத்தாள். காலையிலிருந்து பின்னியது அத்தனையும் சரசரவென்று அவிழ்ந்து போச்சு. கண்ணில் தண்ணி முட்டியது.

கல்லல் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்தான் மடங்கமாட்டேன் என்றது. ஆஸ்பத்திரியில் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அமுக்கினால் உயிர் போகிற வலி. பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, "இந்தக் கை இனிமே இம்புட்டுத்தான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். புருஷன் சரவணகுமார் கெஞ்சிப் பார்த்தான். அவன்மேல் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் ஒக்கூரிலிருந்து அவன் அக்கா சுபலட்சுமி வந்து இறங்கினாள். தம்பி பொண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், அலமாரியில் கிடந்த குரோஷா ஊசியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ நல்லாப் பின்னுவேல்ல. எனக்கு ஒரு கம்பளிப் போர்வை போட்டுக் குடு. பெங்களூரு மவன் வீட்டுக்குப் போனா குளிரு தாங்கல. சடை சடையாத் தடிச்சு நிக்குமே, அந்தப் பின்னல்தான் வேணும்."

"கை இப்படி இருக்கே மதினி."

"கைதானே இப்படி இருக்கு, வாயி நல்லாத்தான் இருக்கு. மெதுவாப் போடு. நான் வாங்கிக்கிட்டுத்தான் போவேன்."

பந்தை உருட்டிவிடலாம், நாத்தனாரை எங்கே உருட்டுவது? சத்தியா ஊசியை எடுத்தாள்.

சடைப் பின்னல் லேசுப்பட்டதில்லை. ரெண்டு கண்ணியைத் தாண்டிப் போய்ப் பின்னிவிட்டு, விட்டுப்போன ரெண்டுக்குத் திரும்பி வந்து குறுக்கே இழுக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று மேல் ஒன்று ஏறிக் கயிறாய் முறுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சித்திரை வெயிலில் மடி முழுக்கக் கம்பளி. பக்கத்து வீட்டுப் பர்வீன் பானு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வாள்.

"என்ன சத்தியா, காரைக்குடியில பனி கொட்டப் போகுதா? நோவுற கையை வச்சு வேலை வாங்குறாகளே, அடுக்குமா இது?"

உள்ளேயிருந்து பதில் வரும். "ஆமாத்தா, உனக்கும் ஒண்ணு போடச் சொல்லவா?"

காலையில் சத்தியாவுக்குத் தலை பின்னிவிடுவதும் சுபலட்சுமிதான். வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பின்னிக்கொண்டே, "எம் மவளா இருந்தாக்கூட இம்புட்டுப் பாத்திருக்க மாட்டேன்" என்பாள். இழுப்பை விட அந்தப் பேச்சுதான் வலித்தது.

பகலெல்லாம் நாத்தனார் போர்வையைத் தன் மடியில் பரப்பி, கை ரெண்டையும் வைத்து வரிசை வரிசையாய்த் தடவிக் குற்றம் தேடுவாள். நடுநடுவே முழங்கை வரைக்கும் சொறிந்துகொள்வாள்.

"என்ன மதினி கையில?"

"உங்க ஊருக் கொசு. எங்க ஒக்கூருல இப்படிக் கடிக்காது."

போர்வை இடுப்பளவு வந்தது. "மாரு வரைக்குமாவது வேணாமா?" என்றாள். மார் வரைக்கும் வந்தது. "காலை யாரு மூடுவா?" ஆளுயரம் வந்தது. "அகலம் பத்தலையே."

"உங்கக்கா என்னை வதைக்கிறாக" என்று சத்தியா புருஷனிடம் பொருமினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரெண்டு பக்கமும் அடி.

ஒரு செவ்வாய்க்கிழமை. கொப்புடையம்மன் கோயிலுக்குக் கிளம்பணும். சுபலட்சுமி குளிக்கப் போயிருந்தாள். வாசலில் சரவணகுமார் வண்டியை உறும விட்டுக்கொண்டிருந்தான். சத்தியா கண்ணாடி முன்னால் நின்று, முடியை முன்னால் இழுத்துப் போட்டு, மடமடவென்று பின்னி ரப்பர் பேண்டை மாட்டிவிட்டுத் திரும்பினாள். எதிரே ஈரத் தலையோடு நாத்தனார்.

"யாரு பின்னிவிட்டா?"

"நான்தான், நேரமாச்சேன்னு..." என்றவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் மடங்கின, விரிந்தன.

சுபலட்சுமி அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் ஒக்கூருக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். திரும்பி வந்தவள், "போர்வை போதும், நூலை வெட்டி முடிச்சுப் போட்டுரு" என்றாள்.

"அகலம் பத்தலைன்னீக?"

"பத்தும் பத்தும்."

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் இருளாண்டி வந்தார். சத்தியா வலது கையாலேயே காபி கொடுத்தாள். பிறகு போர்வையை மடித்து நாத்தனார் பையில் வைக்கப் போனாள்.

அவர் பதறிப்போய்ப் பையை நகர்த்தினார். "என்னத்தா, கம்பளியைப் போயி இவ பையில வைக்கிற?"

"மதினிக்குத்தானே அண்ணே போட்டேன். பெங்களூருல போத்திக்க."

"இவளுக்கா? கம்பளி பட்டாலே மேலெல்லாம் தடிச்சுப் போகுமே. பெங்களூருல தெரியாமப் போத்திட்டு ஊசி போட ஓடுனோம். எங்க வீட்ல ஒரு மப்ளர் கூடக் கிடையாதுத்தா."

சுபலட்சுமி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "அந்த மனுசன் கிடக்காரு. கொசுன்னு சொன்னேன்ல. போர்வையை நீயே வச்சுக்க, மார்கழிக்கு ஆகும்."

சத்தியா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நாத்தனார் காலடியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, சிவந்து தடித்திருந்த இடமெல்லாம் தடவிவிட்டாள். கண்ணீர் எண்ணெயோடு எண்ணெயாய் விழுந்தது.

சுபலட்சுமி எங்கேயோ பார்த்தபடி சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயி. விரல்ல பலம் பத்தலை."